எழுதாத மேல்வட்டி

"வாயே திறக்காம ஒன்பது வருஷ வட்டியை ஊதித் தள்ளினவன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான் மாப்ள!" திருச்சி கோர்ட்டு வேப்பமரத்தடியில் ஓய்வுபெற்ற கண்டக்டர் அழகிரி முழங்குகிறார். துறையூர் வீடு ஏலத்துக்குப் போய்விட்டதென்றே நினைத்து மன்னார்புரத்திலிருந்து ஓடிவந்த மச்சினன் ஜெயக்குமாருக்கு மூச்சு வாங்குகிறது. "பஸ்ல விட்ட கதையெல்லாம் இங்க வேணாம் மாமா. வீடு என்னாச்சு?" அழகிரி பழைய அடமானத் தீர்ப்பின் நகலை நீட்டுகிறார். தாளின் மேல் இலைநிழல் அசைகிறது. அசலும், கெடு தேதி வரைக்குமான வட்டியும் அதில் இருக்கின்றன. அந்தத் தொகையை அவர் போன மாதமே கட்டிவிட்டார். கெடுவுக்குப் பிந்திய ஒன்பது வருஷ மேல்வட்டிக்காகத்தான் கடன் கொடுத்தவர் வீட்டை ஏலம் போடச் சொல்லி மனுப் போட்டிருந்தார். "தீர்ப்புல எழுதாத வட்டியை நான் எப்படி வாங்கித் தர்றதுன்னு ஜட்ஜம்மா மனுவைத் தள்ளிட்டாங்க. அன்னைக்கு எழுதாம விட்டாரே ஒரு ஜட்ஜு, அந்தக் கைக்கு நூறு பவுன்ல காப்பு போடணும்!" ஒப்படைப்பதற்கென்று கொண்டுவந்த வீட்டுச் சாவிக்கொத்தை இரு கைக்குள்ளும் பொத்தியபடி அவர் மனைவி வேலம்மாள் கோர்ட்டுக் கட்டடத்தைக் கும்பிட்டுக்கொண்டே நிற்கிறாள். ஜெயக்குமாரின் விரல் வரி வரியாக இறங்கி, முத்திரையில் முட்டி, மறுபடி மேலேறி இறங்குகிறது. மேல்வட்டி என்று ஒரு சொல்கூட இல்லை. "அக்கா," என்கிறான் மெதுவாக, "மாமா சொல்றது நெசந்தான்க்கா."