காதுக்கு ஒதுக்கிய பணம்

ஓஹையோவில் டிசம்பரின் கடைசி மாலை. மருத்துவச் செலவுக்கென்று வெர்னாவின் சம்பளத்தில் கம்பெனி பிடித்துவைத்த பணம், வருடம் முடியும் இன்றைக்குள் செலவழியாவிட்டால் போயே போய்விடும். கிடங்குச் சீருடையைக்கூட மாற்றாமல், கணவர் டுவைட்டை இழுத்துவந்து காதுக்கருவிக் கடையில் அலுத்து அமர்ந்திருக்கிறாள். வெளியே பனி பெய்கிறது. கடைக்காரப் பெண் கருவியைப் பொருத்துகிறாள். "கேக்குதா சார்?" ஹீட்டரின் உறுமலை டுவைட் கண்மூடிக் கேட்கிறார். பிறகு மெல்ல மனைவி பக்கம் திரும்புகிறார். "வெர்னா, உனக்கு ஏன் மூச்சு இப்படி இழுக்குது?" "ஒண்ணுமில்ல, சும்மா இரு." "எத்தனை நாளா?" அவள் கடைக்காரப் பெண்ணிடம் அந்தப் பணத்துக்கான கார்டை நீட்டுகிறாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார். "முதல்ல உன்னை டாக்டர்கிட்ட காட்டுவோம்." "இன்னிக்கு எந்த டாக்டர் இருக்காரு? விடு, கடையைச் சாத்தப் போறாங்க." கையை உருவிக்கொண்டு கார்டைக் கொடுத்துவிடுகிறாள். அவர் அவளுடைய மூச்சையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.