ராயபுரத்துக்கு ஏற்ற ஏணி

ராயபுரம் மைதானத்தில் இரண்டு ஏணி வண்டிகள் நின்றன. ஒன்றின் ஏணி நூறடி போகும், மற்றது ஐம்பதடி. எதை வாங்குவது என்று முடிவுசெய்ய, தீயணைப்புத் துறையின் பெரிய அதிகாரி ராஜமன்னார் கூலிங் கிளாஸ் சகிதம் எழுந்தருளியிருந்தார்.

“நூறடிதான். மெட்ராஸ் என்ன பட்டிக்காடா?”

நிலைய அதிகாரி ஸ்டானிஸ்லாஸ் அவசரமாக முன்னால் வந்தார். போன மாதம் தீப்பிடித்த சந்துக்குள் அவருடைய நிலையத்தின் பழைய பெரிய வண்டி நுழையவே இல்லை. மாடியில் சிக்கியவர்கள் ஜமக்காளத்தில் குதித்துக் காலை ஒடித்துக்கொண்டார்கள்.

“சார், சின்னதுதான் நம்ம சந்துல நுழையும். இங்க மூணு மாடிக்கு மேல வீடே கிடையாது.”

“இனிமே கட்டுவாங்கய்யா! வண்டின்னா ஒரு கம்பீரம் வேணாமா?”

“கம்பீரம் இன்னா, நெருப்பை அணைக்குமா?” என்று டிரைவர் அமீருதீன் தன் மீசைக்குள் முணுமுணுத்தார்.

ஸ்டானிஸ்லாஸ் அதிகாரியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். ராஜமன்னார் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு ஏணிகளையும் மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

“மக்கள் உயிர்தான்யா முக்கியம். சின்னதையே வாங்குவோம்!”

அவருடைய ஜீப் போனதும் அமீருதீன் ஓடிவந்தார். “இன்னா மந்திரம் போட்ட அண்ணாத்தே?”

“அடுத்த மாசம் சிலை திறப்பு கீதுல்ல? நம்ம ஏணில ஏறித்தான் மந்திரி மாலை போடப்போறாரு. பெரிய வண்டில, ஏணி உச்சில கீற கூண்டுல ஒரே ஆளுதான் நிக்கலாம். சின்னதுல மந்திரி பக்கத்துல இன்னொருத்தரும் நிக்கலாம், பேப்பர்ல போட்டோ வரும்னேன்.”