படகை நகர்த்திய பாட்டு

பட்டினப்பாக்கம் கரையில் காலை வெயில் ஈரமணலில் பளபளக்கிறது. மீன்கூட்டம் கிட்டத்தில் வந்திருக்கிறது; எங்கள் படகோ மணலில் புதைந்து அசைய மாட்டேன் என்கிறது. பாட்டுச் சொல்லித் தள்ள வைக்கும் லாசருக்குத் தொண்டை கட்டிவிட்டதால், ஆளுக்கொரு நேரத்தில் தள்ளுகிறோம். "இன்னா நைனா, படகுக்கு முதுகு சொறிஞ்சிக்கினு கீறீங்களா?" என்கிறாள் மீன் விற்கும் கெங்கம்மா. தினமும் இங்கே நடக்க வருகிற ஜெர்மன் டீச்சரம்மா உர்சுலா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து படகில் கை வைக்கிறார். ஊரில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழங்காலத்துக் கிரேக்கப் பாட்டு ஒன்றைக் குரலெடுத்துப் பாடுகிறார். அடி முடிகிற இடத்தில், ஓய்ந்துபோன என் தோளும் சேர்ந்து எல்லாத் தோளும் ஒரே நேரத்தில் முட்டுகின்றன. "ஐலசா!" படகு வழுக்கிக்கொண்டு அலைக்குள் போகிறது. உப்புநீர் வழியும் முகத்தோடு டீச்சரம்மா சிரிக்கிறார்: "ஆயுசு முழுக்க கிளாஸ்ல பாடினேன். ஒரு பெஞ்சுகூட நகரல!"