ஓட்டுகிறவரும் கேட்கிறவளும்

"நான் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனதுக்கு அப்புறம் வேணும்னா இந்த மெஷினை உள்ள கொண்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டார்.

தாம்பரம் மார்க்கெட் சந்தில் மரவேலைக் கருவிகள் விற்கும் பக்தவச்சலம், அப்போதுதான் ஓட்டிக் காட்டிய ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு நிமிர்ந்து பார்த்தார். ஊரப்பாக்கத்தில் பட்டறை நடத்தும் கங்காதரன், பிளேடு வாங்க அடிக்கடி வருகிறவர்தான். ஒரு பெண்மணியோடு அவர் வந்திருப்பது இதுவே முதல் முறை. வந்த நிமிடத்திலிருந்து இருவருக்கும் வாக்குவாதம் ஓயவில்லை.

"இது பன்னண்டு இன்ச்சு ஸ்லைடிங் மைட்டர் ரம்பம். நிலைக்கட்டையை ஒரே இழுப்புல அறுத்துடும். எனக்கு இதான் வோணும்," என்றார் கங்காதரன்.

"அறுக்கும். கூடவே என் காதையும் அறுக்கும்."

"இன்னாம்மா பேசுறீங்க? நிலையும் அறுக்கணும், ஓரத்துல அடிக்கிற பீடிங்கும் சாய்ச்சு வெட்டணும், அலமாரிப் பலகை வேற கெடக்குது. எல்லாத்துக்கும் இருக்கப்போறது ஒரே மெஷினு. பொம்மைய வாங்கிகினு போயி கொலு வைக்கவா?"

பக்தவச்சலத்துக்குக் கங்காதரன் மீது இரக்கம் பிறந்தது. அவர் காதருகே குனிந்து, "தொழில் சாமான் வாங்க வர்றப்ப இவங்கள ஏன்யா கூட்டிகினு வர்ற?" என்று கேட்டார்.

"கூட்டியாரலன்னா பட்டறைக்குப் பூட்டுதான் சார். பழச இனிமே ஓட்டக் கூடாது. இவங்க சரின்னு சொல்ற மெஷினு இன்னிக்கு அமையலன்னா, நான் இன்னொருத்தன்கிட்ட கூலிக்குப் போவ வேண்டியதுதான்."

பக்தவச்சலம் அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். மனைவியை முகத்துக்கு நேரே 'நீங்க' என்றும், மறைவில்கூட 'இவங்க' என்றும் சொல்லும் ஆண்பிள்ளையை அவர் அதுவரை கண்டதில்லை. மரியாதையாக இருக்க முடியாது, பயமாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்.

"அடுத்ததை ஓட்டிக் காட்டுங்க," என்ற அம்மாள், கடைக்குப் பின்னாலிருந்த கிடங்குக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ம், ஆரம்பிங்க."

"பாக்கவே மாட்டாங்களா?" என்றார் பக்தவச்சலம்.

"பாக்குறதுக்கு இன்னா கீது? அவங்களுக்கு எல்லாமே காதுதான்," என்றபடி, கையோடு கொண்டுவந்திருந்த தேக்குப் பலகையை வைத்துக் கங்காதரன் அறுத்தார். கடை முழுவதும் வீறிட்டது.

கதவு திறந்தது. "இது அதைவிட மோசம். தேக்குக்கே இப்படின்னா, பிளைவுட்டுக்கு எப்படிக் கத்தும்? நீங்க பிளைவுட்டைத் தொட்டாலே எனக்குத் தலைவலி வந்துடுது."

பக்தவச்சலத்துக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, மெஷின்னா சத்தம் போடத்தான் செய்யும். ஆம்பள தொழில் பண்ற எடத்துல நாமதான் கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் போவணும்."

"எவ்வளவோ விட்டுக் கொடுத்தாச்சு. ஓட்டுறவர் அவர், நாள் பூரா கேக்கிறவ நான். ஒரு நாள் நீங்க வந்து கேட்டுட்டு அப்புறம் எனக்குப் புத்தி சொல்லுங்க."

"நான் மட்டும் விட்டுக் கொடுக்கலியா?" கங்காதரனின் குரல் உயர்ந்தது. "ஞாயித்துக்கெழம ஓட்டாதன்னீங்க, நிறுத்தினேன். மத்தியானம் கண்ணசரணும்னீங்க, அதுக்கும் தலையாட்டினேன். ஆனா கோணலா அறுக்கிற மெஷினு எவ்ளோ அமைதியா ஓடினாலும் நான் தொட மாட்டேன். பட்டறைய மூடினாலும் மூடுவேன், அதுல மட்டும் எறங்கி வர மாட்டேன்."

"இறங்கி வரச் சொல்லல. நானும் வர மாட்டேன்."

பக்தவச்சலம் பெருமூச்சு விட்டு, உள்ளேயிருந்து மூன்றாவது ரம்பத்தைத் தூக்கி வந்து வைத்தார். பத்து அங்குலப் பிளேடு. மோட்டார் பெல்ட்டின் வழியாக அதைச் சுழற்றும்.

"பத்து இன்ச்சா?" என்று கங்காதரன் உதட்டைப் பிதுக்கினார்.

"தலை முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுதில்ல, அகலத்துக்குக் குறையில்ல. மூணு இன்ச்சு நிலை தாராளமா எறங்கும். ஓட்டிப் பாரு."

அம்மாள் மீண்டும் சுவருக்கு அந்தப் பக்கம் போனார். கங்காதரன் பலகையை அறுத்து, ஒரு துண்டை மட்டும் குப்புறத் திருப்பி, வெட்டிய முனைகளை ஒன்றோடொன்று பொருத்தினார். சிறு கோணல் இருந்தாலும் அப்படிப் பொருத்தும்போது இரட்டிப்பாகத் தெரிந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இடுக்கில் ஒரு கீற்றும் கசியவில்லை. ரம்பத்தின் தலையைச் சாய்த்துப் பீடிங்கையும் வெட்டிப் பார்த்தார். மூலை மூலையோடு கச்சிதமாகக் கூடியது.

கிடங்குக் கதவு நிதானமாகத் திறந்தது. இரண்டு ஆண்களும் அம்மாளின் முகத்தையே பார்த்தார்கள்.

"சத்தம் இருக்கு," என்றார் அவர். "ஆனா பல்லு கூசல. இதோட குப்பை கொட்டலாம்."

"சரியா அறுக்குது," என்றார் கங்காதரன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "இதையே கட்டிக் குடுங்க சார்."

பக்தவச்சலத்தின் உள்ளம் நெகிழ்ந்துவிட்டது. "எத்தினியோ பேரு இந்தக் கடைக்கு வந்து போயிருக்காங்க. இப்படிச் சண்டையும் போட்டுகினு, கடைசில ஒண்ணாவும் நிக்கிற ஜோடிய நான் பாத்ததே இல்ல. கல்யாணம் ஆயி எத்தினி வருஷம்மா ஆவுது?"

கங்காதரனுக்கு இருமல் வந்துவிட்டது. அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பக்தவச்சலத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கல்யாணமா? இவர் மேல போலீஸ்ல புகார் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி சார் நான்."