டாங்கிளில் நீல விளக்கு

"பத்தரைக்கு சிங்கப்பூர்லேர்ந்து ஸ்கைப்ல கூப்பிடுவாங்க மச்சி. லினக்ஸ்ல இந்த நெட் டாங்கிள் எடுக்கவே மாட்டேங்குது" என்று லேப்டாப்பை நீட்டினான் திருமுருகன். எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. விடுதியில் அவனும் நவநீதனும் ஒரே அறை.

"லேப்டாப் இந்த மோடத்தை சிடி டிரைவ்னு நினைச்சுக்குது. டிரைவரை மறுபடி போடணும்" என்றான் நவநீதன்.

"பிரவுசிங் சென்டருக்கு ஓடிடட்டுமா?"

"இருடா, அஞ்சே நிமிஷம்."

பதினொன்று தாண்டியதும் நவநீதன் ஒரே ஒரு வரி அடித்தான். நெட் வந்து, டாங்கிளில் நீல விளக்கு எரிந்தது.

அந்த வரி அவனுக்கு முதலிலேயே தெரியும். சிங்கப்பூர் என்றதுமே எந்தக் கம்பெனி என்பதும் புரிந்துவிட்டது. அவனும் அங்கே இன்டர்வியூ முடித்துக் காத்திருந்தான். அங்கே காலியாக இருந்ததோ ஒரே இடம்.

"சாரி மச்சி, உன் வேலை போச்சே!" என்றான் நவநீதன்.

திருமுருகன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"எனக்கு எங்கடா வேலை? என்னை முதல் ரவுண்ட்லயே கழிச்சுட்டாங்க. உன்னைப் பத்தி விசாரிக்கத்தான் கூப்பிடறதா இருந்தாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. இன்னிக்கு நான் பேசலேன்னா அடுத்த ஆளை எடுத்துடுவாங்களாம். உன் ரெஸ்யூம்ல ரெஃபரன்ஸ்னு என் பேரைத்தானேடா போட்டிருந்தே?"