தனிப்படம்

“என்ன மாமா இது, நெத்திய இம்மாம் அகலமா போட்டிருக்க? ரெண்டு மாடு கட்டி ஏரு ஓட்டலாம் போலருக்கே!”

நர்மதா கேட்டதற்கு அவள் புருஷன் அரியமுத்து சிரித்தான். உதட்டோரச் சிரிப்பில்லை, பல் தெரிந்த சிரிப்பு. “இருக்கட்டும்டி, எடம் வேணும்ல” என்றான்.

ஓவியக்கூடத்து மேசையில், அவனே வரைந்த அவன் முகம் கிடந்தது. அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை மாதமாயிற்று! நர்மதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கைத் துடைப்பதுபோல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அரியமுத்து சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். ஆவணியில் ஒரு வளைவில், சைக்கிளில் பள்ளிக்கூடம் போன பெண்பிள்ளை சறுக்கிப் பின்சக்கரத்துக்குள் விழுந்துவிட்டாள். ‘உம்மேல தப்பில்லப்பா’ என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். சொல்லி என்ன, அவன் காதில் ஏறினால்தானே?

யார் தடுத்தும் கேளாமல் அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனான். திரும்பி வந்து நர்மதாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

“அந்தப் புள்ளைக்குத் தனியா ஒரு போட்டோகூட இல்லடி. பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவுலேருந்து வெட்டி ஒட்டியிருக்காங்க. பக்கத்துப் புள்ளையோட கை அப்படியே தோள்ல இருக்கு.”

அதோடு அவன் வாய் மூடிக்கொண்டது. சோறு வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் கேட்கமாட்டான். நர்மதா களையெடுக்கப் போவதை நிறுத்திவிட்டு அவனையே காவல் காத்தாள். வீட்டுக் கதவுகளின் உள்தாழ்ப்பாளை எல்லாம் கழற்றிப் போட்டாள். “உசுரோட இருந்தாப் போதும் சாமி” என்பதற்குமேல் அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “சனிக்கிழமையானா அரியலூருக்குக் கூட்டிட்டுப் போயி படம் பாக்க வைம்மா” என்றார். அவள் சினிமா என்று நினைத்து, “இவரு இருக்குற இருப்புல படம் ஒரு கேடா சார்?” என்று கேட்டேவிட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, இது சுவரில் மாட்டியிருக்கிற படம். மனசு ஒடிந்தவர்களை அதன் முன்னால் உட்காரவைத்து, பார்த்ததைப் பேசச் சொல்லுவார்கள், பிறகு வரையச் சொல்லுவார்கள்.

கீழப்பழுவூரிலிருந்து வாராவாரம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தாள். முதலில் அரியமுத்து படங்களுக்கு நடுவே இருந்த வெறும் சுவரைத்தான் பார்த்தான். ஒருநாள், சேலை உலர்த்துகிற பெண்ணின் படத்தருகே நின்று, “காத்து மேக்கேருந்து அடிக்குது” என்றான். கூடத்தை நடத்தும் தேவயானி டீச்சர் துள்ளிக் குதிக்காத குறை. “பேசிட்டாரு பாத்தியா நர்மதா!”

போன மாதம் அவனாகவே கேட்டான். “என் மூஞ்சிய நானே வரையலாங்களா?”

அன்றைக்கே ஆள் மாறிவிட்டான். முகம் மழித்தான். ராத்திரி அசந்து தூங்கினான். மாமியாருக்குப் போன் போட்டு முழங்கால் வலியை விசாரித்தான். படத்திலும் அழுக்குச் சட்டை வேண்டாமென்று, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையையே வரைந்துகொண்டான்.

இன்று முடிந்துவிட்டது. தேவயானி படத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

“கண்ணப் பாரும்மா. எங்க நின்னாலும் நம்மளையே பாக்குது. வந்த புதுசுல இந்த மனுசன் ஆரு கண்ணையாச்சும் பாத்தாரா? இத இங்கயே மாட்டப்போறேன். வர்றவங்களுக்கெல்லாம் ஒரு தைரியம் வரட்டும்.”

“இல்லீங்க டீச்சர், வூட்டுக்குத்தான் வேணும்” என்றான் அரியமுத்து பணிவாக. “கண்ணாடி போட்டு, ஆணியில மாட்டுற மாதிரி மேல ஒரு வளையம் வெச்சுக் குடுத்தீங்கன்னா போதும்.”

“அட, ஆசையப் பாரேன்! தரமாட்டேன் போங்க” என்று தேவயானி விளையாட்டாகப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நர்மதாவுக்கு உடம்பெல்லாம் லேசாகியிருந்தது. “டீச்சர், நாளையிலேருந்து நான் பருத்தி எடுக்கப் போறேன். அடுத்த வாரம் மாமாவே தனியா பஸ் ஏறி வந்துரும். காலையிலதான் தாழ்ப்பாளையெல்லாம் திருப்பி மாட்டுனோம். நான் எங்க மாட்டுனேன், இவருதான் ஸ்க்ரூவெல்லாம் முடுக்குனாரு.”

“இந்த வார்த்தையக் கேக்கத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்” என்றாள் தேவயானி.

சந்தோஷத்தில் நர்மதாவுக்கு வாய் நிற்கவில்லை. புருஷனைத் தோளால் ஓர் இடி இடித்தாள்.

“ஏன் மாமா, வூட்லதான் நம்ம கல்யாணப் போட்டோ அம்மாம் பெருசா மாட்டியிருக்கே. பத்தாததுக்கு இந்த ஏரிக்கரை நெத்திய வேற தனியா மாட்டணுமாக்கும்?”

அரியமுத்து அதே சிரிப்போடு அவள் பக்கம் திரும்பினான்.

“அதுக்கு எப்படிடி மாலை போடுவ? பக்கத்துல நீ நிக்கிறியே!”