பன்னிரண்டு கலர் மயில்

சமையல்கார ராசாத்தியின் மகளை நாற்காலியில் உட்கார வைத்து, அவள் முன்னால் முட்டி போட்டு, முகத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார் ஜெயகுமாரி டீச்சர். இதைப் பார்த்த வாட்ச்மேன் பொன்னுவேல் கேட்டை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடிவந்தார். அந்த வழியாக உள்ளே வந்த இரண்டு குரங்குகள்கூடத் திருடுவதை மறந்து நின்று பார்த்தன என்று பிற்பாடு சத்தியம் செய்தார்.

காரணம் இருக்கிறது. டீச்சர் கடைசியாகச் சிரித்தபோது ஏற்காடு ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவில் பதினெட்டுதான் போட்டிருந்தார்கள். அப்படிப்பட்டவர், தலைச்சோலை அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மேனகாவைக் கண்ணு, சாமி என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்.

அன்று ராசாத்தி சமைக்கிற இந்தத் தனியார் பள்ளியின் ஆண்டு விழா. பிள்ளைகள் முகத்தில் புலி, கிளி வரைந்துகொண்டு ஏரியைச் சுற்றி ஊர்வலம் போவது வழக்கம். போன வருஷம் சார்ட்டுக்கு அடிக்கிற பெயிண்டையே முகத்துக்கும் அடித்ததில் தாளாளர் ஏசுராஜின் பேத்தி ஃபெபிக்குக் கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பி, அவர் அடையாளம் தெரியாமல் வேறு யார் வீட்டுப் பிள்ளையையோ காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வருஷம் சேலத்திலிருந்து, தோலுக்குத் தீங்கில்லை என்று ஸ்டிக்கர் ஒட்டிய புது டப்பா வந்திருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு கலர் என்று திட்டம். மேனகாவுக்கு மட்டும் மதியம் ஒரு மணிக்கே பன்னிரண்டு கலரும் ஏறிவிட்டது. நெற்றியில் பச்சை, மூக்கில் ஆரஞ்சு, காது மடலில்கூட ஊதா.

மயில் என்றார் டீச்சர். அந்த மயிலைப் பார்த்திருந்தால் முருகன் மலைக்கு நடந்தே போயிருப்பார்.

சமையலறை வாசலில் நின்ற ராசாத்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷமாக அங்கே வெங்காயம் உரிக்கிறவள். வெங்காயம் இல்லாமல் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது அன்றுதான். லீவு நாளில் வீட்டில் விட ஆளில்லாமல் கூட்டிவந்த பிள்ளை, நானும் ஊர்வலத்தில் நடக்கணும் என்று விடிந்ததிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மிஸ், எம்புள்ளையையும் ஊர்வலத்துல சேத்துக்குவீங்களா?"

"ஒரு மணி நேரம் மூஞ்சியத் தொடாம உக்காரட்டும், பார்க்கலாம். அரிச்சாலோ எரிஞ்சாலோ உடனே சொல்லிடணும் கண்ணு. துடைச்சு விட்டுடறேன்."

மேனகா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் டீச்சர் வந்து குனிந்து, அரிக்கிறதா, எரிகிறதா என்று கேட்டார். ஒவ்வொரு தரமும் பிள்ளை பல்லைக் கடித்தபடி இல்லை என்று தலையாட்டியது.

பெற்றவள்கூட இத்தனை தரம் கேட்க மாட்டாள் என்று பொன்னுவேலிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள் ராசாத்தி. டீச்சருக்குத் தனியாக ஒரு டம்ளர் காப்பி போட்டாள். அதில் கொட்டிய சர்க்கரையில் ஸ்பூன் யார் துணையும் இல்லாமல் செங்குத்தாக நின்றது.

இரண்டு மணிக்கு டீச்சர் மேனகாவின் தாடையைப் பிடித்து, சந்தையில் பலாப்பழம் பார்ப்பது போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. மைக்கை எடுத்தார்.

"பெற்றோர்கள் பயப்பட வேண்டாம். பன்னிரண்டு கலரையும் வெளிப்பிள்ளை ஒண்ணு முகத்துல போட்டு, ஒரு மணி நேரம் வெச்சுப் பார்த்தாச்சு. ஒண்ணும் ஆகலை. நம்ம பிள்ளைங்க தைரியமா வரலாம்."

கைதட்டல் சேர்வராயன் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும். ராசாத்தியும் தட்டத்தான் கையைத் தூக்கினாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

முதல் ஆளாக ஃபெபி உட்கார்ந்தாள். பின்னால் நாற்பத்திரண்டு பிள்ளைகள். ராசாத்தி கூட்டத்துக்குள் நுழைந்து, ஊர்வலத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டாள். டீச்சர் பிரஷ்ஷிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது நம்ம ஸ்கூல் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் ராசாத்தி. கெஸ்ட் வர்றதுக்குள்ள அதைக் கூட்டிட்டுப் போய்க் கழுவி விடு. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு."

நாற்பத்து மூன்று பேருக்கும் பால் ஆற்றிக் கொடுத்த பிறகுதான் மகளைக் குழாயடிக்குக் கூட்டிப்போக அவளுக்கு நேரம் கிடைத்தது. ஊர்வலம் நமக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே முதல் கைத் தண்ணீரை முகத்தில் விட்டாள். பிள்ளை வலியில் துள்ளியது.

மயில் வழிந்து ஓடியது. அடியில் இருந்த முகம் பழுத்த காப்பிப் பழம் மாதிரி சிவந்து, பட்டை பட்டையாகத் தடித்திருந்தது.

"ஏஞ்சாமி, இத்தன நேரம் வாயே தொறக்கலியே?"

"அப்பப் புடிச்சே நொம்ப எரிஞ்சுதும்மா. சொன்னா ஊர்வலத்துல உடமாட்டாங்கன்னு பொறுத்துக்கிட்டேன்." மேனகா விசும்பிக்கொண்டே மைதானத்தைக் காட்டினாள். "இப்பப் போயி மிஸ்கிட்டச் சொல்லிப்போட்டு வரட்டுமா?"

மைதானத்தில் புலிகளும் கிளிகளும் இரண்டிரண்டாக நின்றன. பேண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. தாளாளர் கொடியசைக்கக் கையைத் தூக்கியிருந்தார்.

ராசாத்தி முந்தானையை நனைத்து மகளின் முகத்தைப் பதமாக ஒற்றியெடுத்தாள்.

"ஊர்வலம் முடியட்டும் கண்ணு."